கறைக்கும் கூருக்கும் நடுவே

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வசதியான வீடு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த சிறுவனின் தலையில் விழும் வேலைகளில் ஒன்று கத்தி துலக்குவது. முந்தின இரவு விருந்தில் புழங்கிய கத்திகள் இருபது, முப்பது அவன்முன் கிடக்கும். தோல் ஒட்டிய நீளப் பலகையில் செங்கல் பொடியையோ எமரித் தூளையோ தூவி, அலகைப் படுக்கவைத்து, கறை போகும்வரை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். மறுநாளும் இதே வேலைதான். பெரிய வீடுகளில் ஜார்ஜ் கென்ட் நிறுவனத்தின் துலக்கும் இயந்திரம் இருந்தது. வட்டமான மரப் பெட்டி, அதன் விளிம்பில் கத்திகளைச் செருகும் துளைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் தூரிகைகள் அலகுகளைத் தேய்க்கும்.

அந்தக் காலத்துக் கத்திகள் பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. பலவற்றின் அலகு மெலிந்து ஒடுங்கியிருக்கும். இறைச்சி வெட்டியதைவிடத் துலக்கியே தேய்ந்த இரும்பு அது.

இத்தனை பாடுகளுக்கும் காரணம், அந்த அலகுகள் இரும்பும் கார்பனும் மட்டும் சேர்ந்த எஃகால் ஆனவை என்பதே. எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் இரும்பு சிறிது கரைந்து அயனியாகிறது. நாக்கு அதை உடனே கண்டுகொள்ளும். பழங்களில் உள்ள டானின் அந்த அயனிகளோடு சேர்ந்தால் கருநீல நிறம் பிறக்கும். இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கினால் அலகும் விரலும் கறுப்பதும் இதே வேதியியல்தான். ஐரோப்பியச் செல்வந்தர்கள் பழத்துக்கும் மீனுக்கும் வெள்ளி அலகுள்ள தனிக் கத்திகள் வைத்துக்கொண்டதில் பகட்டோடு இந்த ருசிப் பிரச்சினைக்கும் பங்கு உண்டு. வெள்ளி எலுமிச்சைக்குக் கரையாது. ஆனால் மென்மையான உலோகம் என்பதால் கூர் நிற்காது. கறை படியாத கத்தி வெட்டாது, வெட்டும் கத்தியில் கறை படியும். மேசைக் கத்தியின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த பேரம்தான். எவர்சில்வர் யுகம் வந்த பிறகும் அது முடிந்துவிடவில்லை என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் காட்டப்போகிறேன்.

கத்திக்குப் பெயர்போன ஊர் ஷெஃபீல்டு. அங்கே 1871இல் எஃகு உருக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஹாரி பிரியர்லி. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, தாமஸ் ஃபர்த் அண்ட் சன்ஸ் எஃகு ஆலைக்குப் போனார். அங்கே வேதியியல் ஆய்வகத்தில் குப்பி கழுவும் வேலை கிடைத்தது. கழுவிய குப்பிகளில் என்ன நடக்கிறது என்பதையும் கூடவே கற்றுக்கொண்டார். இரவு வகுப்புகளும் சொந்தப் படிப்புமாக, எஃகைப் பகுத்தாய்வதில் பேர் சொல்லும் அளவுக்கு வளர்ந்தார். ஃபர்த் ஆலையும் ஜான் பிரவுன் ஆலையும் சேர்ந்து 1908இல் பிரவுன் ஃபர்த் ஆய்வகத்தைத் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பு பிரியர்லிக்கு வந்தது. பல்கலைக்கழகப் படிப்பு ஏதும் இல்லாத மனிதர் அவர். எஃகின் நிறத்தையும் முறிந்த முகத்தையும் கண்ணால் பார்த்தே குணம் சொல்லும் உருக்காலைத் தொழிலாளிகளின் அறிவை அவர் கடைசிவரை பெரிதாக மதித்தார்.

1912இல் அவரிடம் வந்த பிரச்சினைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் தொடர்பே கிடையாது. துப்பாக்கிக் குழலின் உட்புறம் சூட்டாலும் வெடிவாயுவாலும் சீக்கிரம் தேய்ந்துபோகிறது, தாங்கும் எஃகு ஒன்று வேண்டும் என்றார்கள். குரோமியம் நிறையச் சேர்த்துப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. விகிதங்களை மாற்றி மாற்றி வார்த்ததில், 1913 ஆகஸ்ட் 13 அன்று மின் உலையில் வார்த்த ஒன்றில் குரோமியம் 12.8 சதவீதமும் கார்பன் 0.24 சதவீதமும் இருந்தன.

வேண்டாமென்று முற்றத்தில் எறிந்த துப்பாக்கிக் குழல்களில் ஒன்று மட்டும் துருப்பிடிக்காமல் மின்னியதைப் பார்த்துத்தான் அவர் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருந்தாலும், உண்மைத் துப்பு ஆய்வக மேசையில் கிடைத்தது, அது இன்னும் சுவையானது. எஃகின் உள்ளமைப்பைப் பார்க்க அதன் துண்டு ஒன்றை முகம் தெரியும்படி மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் சிறிது நேரம் வைப்பார்கள். அமிலம் எல்லா இடத்தையும் ஒரே வேகத்தில் அரிப்பதில்லை. படிகங்களின் எல்லைக்கோடுகளை முதலில் அரிக்கும். அப்படி அரிபட்ட கோடுகள்தான் நுண்ணோக்கியில் படமாகத் தெரியும். பிரியர்லியின் புதிய துண்டிலோ கோடு விழவே இல்லை. அமிலத்தில் வைத்ததும் வைத்தபடியே பளபளப்போடு வெளியே வந்தது. சோதனை கெட்டுவிட்டது என்று வேறொருவர் நினைத்திருக்கலாம். அவர் அடுத்து எடுத்தது எலுமிச்சைச் சாறும் வினிகரும். கத்தி செய்யும் ஊரில் பிறந்தவருக்குச் சமையலறைப் புளிப்பு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. என்னைக் கேட்டால், உலோகத்தை வார்த்த நாளைவிட எலுமிச்சையைத் தேடிப்போன இந்தக் கணத்தையே கண்டுபிடிப்பு என்பேன். ஏனென்றால் குரோமியம் கலந்த இரும்பு புளிப்பைத் தாங்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் பியர் பெர்தியே 1821லேயே கவனித்து, கத்திக்கு ஆகும் என்றும் சொல்லியிருந்தார். அவர் கைக்குக் கிடைத்ததில் கார்பன் மிகுதி, தட்டினால் நொறுங்கியது.

குரோமியம் செய்யும் வேலை என்ன? காற்றுப் பட்டதும் எஃகின் மேல்பரப்பில் உள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு படலமாகிறது. அதன் கனம் ஒன்றிலிருந்து மூன்று நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். சாதாரணத் துரு பொருபொருவென்று உதிர்ந்து அடியில் இருக்கும் இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டும். இந்தப் படலம் உதிராது, இடைவெளி விடாது. கீறினால், சுற்றிலும் ஆக்சிஜன் இருக்கும்வரை, கணப்பொழுதில் மீண்டும் உருவாகிவிடும். ஆனால் படலம் தொடர்ச்சியாக நிற்க, எஃகில் தனித்துக் கரைந்துகிடக்கும் குரோமியம் ஏறத்தாழ 10.5 சதவீதமாவது வேண்டும்.

‘தனித்துக் கரைந்துகிடக்கும்’ என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. கத்திக்குக் கூர் நிற்கக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கார்பன் வேண்டும். கார்பனுக்கோ குரோமியத்தின் மேல் தீராத ஈர்ப்பு. இரண்டும் சேர்ந்தால் 23 குரோமிய அணுக்களுக்கு 6 கார்பன் அணு என்ற கணக்கில் கார்பைடு என்னும் துகள்கள் பிறக்கின்றன. கார்பன் இலேசான அணு, குரோமியம் கனமானது. எடையில் பார்த்தால் ஒரு பங்கு கார்பன் சுமார் 16 பங்கு குரோமியத்தைக் கட்டிப்போட்டுவிட முடியும். கத்தி எஃகில் 0.3 சதவீதம் கார்பன் இருக்கிறது என்று கொள்வோம். அது முழுவதும் இப்படிச் சேர்ந்தால் கிட்டத்தட்ட 5 சதவீதக் குரோமியம் உள்ளே முடங்கிவிடும். 13 இருந்த இடத்தில் மிஞ்சுவது 8. படலத்துக்கு அது போதாது. துகள்களில் கொஞ்சம் இரும்பும் கலந்திருக்கும் என்பதால் உண்மையில் இழப்பு இதைவிடக் குறைவுதான். என்றாலும் கூருக்காகச் சேர்த்த கார்பன் கறைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

இதிலிருந்து தப்பும் வழி நெருப்பில் இருக்கிறது. எஃகை 1000 டிகிரி செல்சியசுக்கு மேல், 1050 வரை சூடாக்கினால் அந்தத் துகள்களில் பெரும்பகுதி கரைந்து கார்பனும் குரோமியமும் இரும்புக்குள் பரவிவிடும். அந்த நிலையிலேயே சட்டென்று குளிரவைத்தால் மறுபடி கூடித் துகளாக அவற்றுக்கு நேரம் கிடைக்காது. கார்பன் அணுக்கள் இரும்பின் படிக அடுக்குக்குள் சிக்கிக்கொண்டு அதை இறுக்கும். மார்ட்டென்சைட் எனப்படும் இந்தக் கட்டமைப்புதான் அலகுக்குக் கடினம் தருகிறது. குரோமியமும் விடுதலையாகி மேல்பரப்புக்குக் காவல் நிற்கிறது. ஆக ஒரே சூட்டில் இரண்டு வரமும் கிடைக்கும், சூடு சரியாக இருந்தால்.

ஷெஃபீல்டின் கத்திக் கொல்லர்களிடம் அன்று வெப்பமானி கிடையாது. எஃகு செக்கச்சிவந்து வந்தால் எடுத்துக் குளிர்விக்க வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாகக் கண்ணில் பதிந்த பாடம். பழைய கார்பன் எஃகுக்கு அந்தச் சிவப்பு, அதாவது 770 டிகிரிக்கு அருகில், மிகச் சரி. புதிய எஃகை அதே சிவப்பில் எடுத்தால் துகள் கரையாது, மார்ட்டென்சைட் பிறக்காது, குரோமியமும் விடுபடாது. கையில் வருவது வெட்டாத, அதேநேரம் கறையும் படிகிற கத்தி. அதற்கு ஆரஞ்சையும் தாண்டி மஞ்சள் தட்டும்வரை காத்திருக்க வேண்டும். தம் அனுபவத்தின்படி அந்த நிறம் எஃகைக் கெடுத்துவிடும் நிறம் என்பதால் கொல்லர்களுக்குக் கை வரவில்லை. மாதிரி வாங்கிப் பார்த்த நிறுவனங்கள் இது கத்திக்கு ஆகாது என்று சொல்லிவிட்டன. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லிக்குப் பட்டம்கூடக் கட்டினார்கள். அவர்களைப் பழைமைவாதிகள் என்று இன்று எழுதிவிடுவது எளிது. அது நியாயமல்ல. அவர்கள் கண்ணுக்குப் பிழையில்லை. பொருள் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

வழி பிறந்தது ராண்டல் தெருவில் உள்ள போர்ட்லேண்ட் ஒர்க்ஸ் என்ற கட்டடத்தில். அங்கே ஆர். எஃப். மோஸ்லி நிறுவனத்தின் கத்திப் பிரிவை நடத்தியவர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட். புதிய எஃகை வினிகரில் சோதித்து, ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற பெயரை முன்மொழிந்தவரும் அவரே. முதலில் அடித்த அலகுகள் கருவிகளைப் பாழாக்கின. சம்மட்டிக்கு எளிதில் வளையாத எஃகு அது. பிரியர்லி கூடவே நின்று சூட்டைக் கவனிக்க, சில முயற்சிகளுக்குப் பிறகு வெட்டும் கத்தி, கறை படியாத கத்தி, கைக்கு வந்தது. 1915 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் இச்செய்தியை வெளியிட்டது. 1916 செப்டம்பரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதில் குரோமியம் 9 முதல் 16 சதவீதம், கார்பன் 0.7 சதவீதத்துக்குக் கீழ் என்ற வரம்புகள் உள்ளன. இதற்குள் உரிமை யாருக்கு என்று ஆலையோடு பிணக்கு ஏற்பட்டு பிரியர்லி வெளியேறிவிட்டார். முதல் உலகப்போரும் மூண்டிருந்தது. விமான இயந்திரங்களின் வால்வுகளுக்கு இந்த எஃகு தேவைப்பட்டதால் சாப்பாட்டுக் கத்திகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிணக்கு தீர்ந்து 1917இல் ஃபர்த்தும் பிரியர்லியும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அமைத்தார்கள். போருக்குப் பிறகு, 1920களிலும் 30களிலும், ஸ்டெயின்லெஸ் கத்தி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. கத்தி துலக்கும் பலகையும் இயந்திரமும் மெல்ல மறைந்தன. போர்ட்லேண்ட் ஒர்க்ஸ் இன்றும் நிற்கிறது. அதை விற்றுக் குடியிருப்பாக்கும் திட்டம் வந்தபோது ஊர்மக்களே பங்கு போட்டு 2013இல் வாங்கினார்கள். உலோகத் தொழிலாளர்களும் கலைஞர்களும் அங்கே இன்னும் வேலை செய்கிறார்கள்.

இதே காலத்தில் ஜெர்மனியின் குரூப் ஆலையில் பென்னோ ஸ்ட்ராஸும் எட்வர்ட் மௌரரும் வேறொரு வழியில் போனார்கள். 1912இல் காப்புரிமை கோரிய அவர்களுடைய எஃகில் குரோமியத்தோடு நிக்கலும் இருந்தது. அதன் வாரிசுதான் குரோமியம் 18, நிக்கல் 8 என்ற பெயர்பெற்ற கலவை. பிரியர்லியின் இடத்துக்கு வந்த ஹாட்ஃபீல்டு 1924இல் ஷெஃபீல்டில் அதைச் செம்மைப்படுத்தினார். நிக்கல் இருப்பதால் இந்த எஃகின் படிக அடுக்கு குளிர்ந்த பிறகும் மாறுவதில்லை. எத்தனை சூட்டில் வைத்து எண்ணெயில் அமிழ்த்தினாலும் மார்ட்டென்சைட் ஆகாது, கடினமாகாது. கறையை வெகுவாகத் தாங்கும். அழுத்தினால் அழகாகக் குழியும். கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் இதைவிட நல்ல பொருள் இல்லை. நம் வீட்டு எவர்சில்வர் தட்டு, டம்ளர்களில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

ஒரு சிறு காந்தம் இருந்தால் இதைக் கையிலேயே பார்த்துவிடலாம். நல்ல ரகச் சாப்பாட்டுக் கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்றில் கரண்டிமேல் காந்தத்தை வைத்தால் பெரும்பாலும் ஒட்டாது. கத்தியின் அலகில் வைத்தால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். சில கத்திகளில் இன்னும் வேடிக்கை. அலகில் ஒட்டும் காந்தம் பிடியில் ஒட்டாமல் வழுக்கும். பிடி இரண்டு பாதிகளாக அழுத்தி எடுத்து, ஓரங்களைப் பற்றவைத்துச் செய்த 18/8 கூடு. அதற்குள் 13 சதவீதக் குரோமிய எஃகு அலகின் வால் செருகி ஒட்டப்பட்டிருக்கும். ஒரே கத்திக்குள் இரண்டு எஃகும் குடியிருக்கின்றன. பழைய கத்தியைக் காதருகே ஆட்டிப் பார்த்து உள்ளே ஏதாவது உருண்டால், உள்ளே நிரப்பிய பசை காய்ந்து உடைந்துவிட்டது என்று அறியலாம்.

பழைய ஷெஃபீல்டு கத்தியை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு அலுக்காத வேலை. 1930களின் கத்தி என்றால் அலகில் செய்தவர் பெயரும் ஊர்ப்பெயரும் இருக்கும், சிலவற்றில் ‘ஃபர்த் ஸ்டெயின்லெஸ்’ என்ற முத்திரையும் சேர்ந்திருக்கும். நுனி வட்டமாக இருக்கும். பிடி பழுத்த தந்தத்தின் நிறத்தில், மெல்லிய இணைகோடுகளோடு தோன்றும். பெரும்பாலும் அது தந்தம் அல்ல. நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய செல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்த செல்லுலாய்டு. ஷெஃபீல்டில் சைலோனைட் என்பார்கள். தந்தத்தின் வளர்ச்சிக் கோடுகளைப் போலவே இதிலும் கோடுகள் படியும்படி அடுக்கி அழுத்தினார்கள். கட்டை விரலால் சூடேறும்படி அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் பலவற்றில் இன்னும் கற்பூர வாசனை வரும். வாசனை வருகிறது என்றால் கற்பூரம் மெல்ல வெளியேறுகிறது, பிடி சுருங்குகிறது என்றும் பொருள். அலகின் வால் செருகிய இடத்தில் நீளவாக்கில் விரிசல் விடுவது அதனால்தான். செல்லுலாய்டு மேலும் சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பக்கத்தில் இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். அப்படிப்பட்ட கத்திகளை மூடிய பெட்டிக்குள் அடைக்காமல், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. வால் உள்ளே நிற்பது குங்கிலியம் போன்ற பிசினின் பிடிப்பில் என்பதால் கொதிநீரில் முழுக்க அமிழ்த்தினால் பிசின் இளகிப் பிடி கழன்றுவிடும். அலகை மட்டும் ஜாடி வெந்நீரில் நிற்கவைத்துக் கழுவும் பழைய வழக்கம் அதனால் வந்தது.

அலகின் பளபளப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரியர்லி தன் எஃகு கடினமாக்கி மெருகேற்றிய நிலையில்தான் மிக நன்றாகத் தாங்குகிறது என்று கண்டார். கரடுமுரடான பரப்பில் உள்ள நுண்ணிய பள்ளங்களில் ஈரமும் உப்பும் தங்கும், படலம் அங்கே பலவீனப்படும். ஆகவே மெருகு என்பது அழகுக்கு மட்டும் அல்ல, அதுவும் அரிப்புக்கு எதிரான காப்பு. அந்தக் காப்பை ஏற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஷெஃபீல்டில் அவர்களை ‘பஃபர் கேர்ள்ஸ்’ என்று அழைத்தார்கள். சுழலும் சக்கரத்தின் முன் மணலும் எண்ணெயும் குழைத்துத் தேய்க்கும்போது கறுப்பு அழுக்கு முகமெல்லாம் தெறிக்கும். தலையில் துணி சுற்றி, உடைமேல் பழுப்புக் காகிதத்தைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் நிற்பார்கள். கத்தியில் செய்தவர் பெயரும் ஊர்ப்பெயரும் இருக்கும். அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வடிவமைப்பாளர்கள் இந்த எஃகை வெள்ளிக்குப் பதிலியாகப் பார்ப்பதை நிறுத்தினார்கள். டென்மார்க்கின் ஆர்னே யாகப்சன் 1957இல் வரைந்த தொகுதியில் அலகுக்கும் பிடிக்கும் இடையே கோடே தெரியாது. ஷெஃபீல்டுக்காரரான டேவிட் மெல்லர் 1965இல் அரசு உணவகங்களுக்கும் மருத்துவமனைகளுக்குமாக ‘த்ரிஃப்ட்’ என்ற தொகுதியைச் செய்தார். பதினொரு கருவிகள் இருந்த இடத்தில் ஐந்து போதும் என்றார். சிறைச்சாலை வரை போன நல்ல வடிவமைப்பு என்ற முறையில் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு.

இனி, பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து எடுக்கும்போது கரண்டி பளிச்சென்றிருக்க, கத்தியில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் ஏன்? குற்றவாளி உப்பிலுள்ள குளோரைடு. அது படலத்தின் ஏதோ ஒரு பலவீனமான இடத்தை உடைத்து நுண்ணிய குழி செய்கிறது. குழிக்குள் ஆக்சிஜன் போய்ச் சேராது, படலம் மறுபடி உருவாகாது. உள்ளே அமிலத்தன்மை ஏறி இன்னும் குளோரைடை இழுக்கும். வெளியில் ஊசிமுனை, உள்ளே அகலமான பள்ளம். நிக்கல் இல்லாத, குரோமியம் வரம்பை ஒட்டி நிற்கும் கத்தி எஃகுக்கு இதைத் தாங்கும் திராணி குறைவு. சாப்பிட்டவுடன் உப்பையும் சாற்றையும் கழுவித் துணியால் துடைத்துவிடுவதே நல்ல மருந்து. குளோரின் கலந்த வெளுப்பான்களைக் காட்டவே கூடாது. இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துணுக்குகள் அலகில் பதிந்து தாமே துருப்பிடித்து, பழியைக் கத்திமேல் போடும்.

உலோகவியலாளர்கள் அண்மைக் காலத்தில் கார்பனில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நைட்ரஜனைச் சேர்க்கக் கற்றிருக்கிறார்கள். நைட்ரஜன் அணுவும் இரும்பின் அடுக்குக்குள் நுழைந்து அதை இறுக்கும், ஆனால் குரோமியத்தை அந்த அளவுக்குச் சிறைபிடிக்காது. உருகிய எஃகில் நைட்ரஜன் எளிதில் கரையாததால் இத்தகைய சில எஃகுகளை உயர் அழுத்தத்தில் உருக்க வேண்டியிருக்கிறது, செலவு அதிகம். அந்த எஃகு விமான இயந்திரங்களின் பேரிங்குகளுக்கும் கடலில் மூழ்கி வேலை செய்பவர்களின் கத்திகளுக்கும் போகிறது. சாப்பாட்டு மேசைக் கத்தி பெரும்பாலும் இன்னும் 13 சதவீதக் குரோமியத்திலேயே நிற்கிறது.